ஒரு கட்டடம் பார்த்து விற்ற பங்கு

எனக்கு எழுபத்து நான்கு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. நான்கு பேரும் இந்த டென்மார்க்கில் படித்து நல்ல வேலையில் இருக்கிறார்கள். படிக்க வைத்தது என்னுடைய இரண்டு கைகள். அந்தக் கைகளில் இப்போது தோள்மூட்டு வரைக்கும் நோவு. தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூட இரண்டு கையாலும்தான் தூக்குகிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. என் பெயரை எழுதுவேன், இலக்கங்களை வாசிப்பேன், மற்றபடி எழுத்து எனக்குத் தூரம். இதையும் சொல்லித்தான் எழுதுவிக்கிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டிதழுக்கு என் வேலைக் காலத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லிப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வேலையைப் பற்றிக் கேட்பது போலத்தான் தொடங்குவார்கள். கேட்க வருவது வேறு. இப்போது துப்புரவு வேலைக்குப் போகிற இளம் பெண்கள்கூட ரயிலில் இருந்தபடி ஃபோனில் கட்டடப் பங்கு வாங்குகிறார்கள். அதை ரீட் என்கிறார்கள். நாங்கள் கட்டடப் பங்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

அதற்குக் காரணம் தவமணி. என்னோடு பதினாறு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்தவள். கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டும்போதெல்லாம் அவள் மற்றவர்களுக்குச் சொல்வாள்: "அக்காவுக்குக் கட்டடத்தின்ரை நாடி பிடிக்கத் தெரியும். அவ சொல்லாட்டி என்ரை காசு முழுக்கப் போயிருக்கும்."

அது உண்மை இல்லை. நான் சொன்னதால்தான் அவளுடைய காசு போனது. அவளுக்கு அது இன்னும் தெரியாது. அதைச் சொல்லி முடிக்கத்தான் இவ்வளவும்.

வேலை பழகிய கதையை நீட்ட மாட்டேன். நகரத்துக்கு வெளியே நாங்கள் இருக்கிற இஷொயிலிருந்து விடியற்காலை முதல் ரயில். கோபன்ஹேகனில் ஆறு மாடிக் கந்தோர்க் கட்டடம், மாடிக்கு மாடி அலுவலகம். ஆட்கள் வேலைக்கு வர முன்னம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பழக்கியது இரண்டே நாள். பழக்கியவர் எங்கள் மேற்பார்வையாளர் கிர்ஸ்டன். நெடுத்த பெண். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து, ஆனால் சத்தம் வராது. அதைக் கையால் பொத்திக்கொண்டுதான் நடப்பார்.

முதலில் குப்பைக்கூடை. பிறகு மேலேயிருந்து கீழே: கதவுச் சட்டம், அலுமாரித் தலை, மேசை, கதிரைக் கால். துணியை நாலாக மடித்தால் முன்னும் பின்னுமாக எட்டு முகம் வரும். ஒரு மேசைக்கு ஒரு முகம். எட்டும் முடிந்த துணி திரும்ப வாளிக்குள் போகாது, கழுவுகிற பைக்குள் போகும். சிவப்புத் துணி கழிவறைக்கு மட்டும். நிலம் கடைசி, தூர மூலையில் தொடங்கிப் பின்பக்கமாக நடந்து வாசலுக்கு வர வேண்டும். நம்முடைய காலடி நமக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு கிர்ஸ்டன் வருவார். கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டுவார். தூசி இருந்தால் விரலை எங்களுக்குக் காட்டுவார். ஒரு சொல் சொல்ல மாட்டார். எங்கள் கையிலிருந்த துணியை வாங்கித் தானே துடைத்துவிட்டுப் போவார். அதைவிட அவர் ஏசலாம் என்று தவமணி சொல்வாள். தூசி இல்லாவிட்டாலும் ஒரு சொல் வராது. அடுத்த கதவுக்குப் போவார், அவ்வளவுதான். நாங்கள் அதையே பாராட்டாக எடுத்துக்கொள்ளப் பழகினோம்.

நிலவறையில் துப்புரவுச் சாமான் வைக்கிற சிறிய அறை ஒன்று உண்டு. அதன் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மாடிக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு பெட்டி. எந்த மாடியை எந்த நாளில் துடைப்பது, எத்தனை நிமிடம் என்று எல்லாம் இலக்கத்தில் இருக்கும். இந்த நாட்டில் எனக்கு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் நீட்டி, அவர்கள் சலித்துக்கொண்டு வாசிக்கும் வரை காத்திருந்திருக்கிறேன். இந்த ஒரு தாளைத்தான் யாரையும் கேளாமல் நானே வாசித்தேன். அதனால் அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் நாலாம் மாடியில் பழைய தாள் போடுகிற கூடையில் ஒரு பளபளப்பான புத்தகம் கிடந்தது. அட்டையில் எங்கள் கட்டடம். நான் துடைக்கிற அதே கண்ணாடிக் கதவு. சாப்பாட்டு நேரம் அதைக் கிர்ஸ்டனிடம் காட்டி, இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டேன். நிறையப் பேர் என்றார். தானும் அதில் ஒரு ஆள் என்றார். நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

அவர் தன் கறுத்த பாணை மெல்லிய துண்டுகளாக வெட்டி அடுக்கிக் காட்டினார். ஒரு நிறுவனம் ஒரு கட்டடத்தை அல்ல, பல ஊர்களில் பல கட்டடங்களை வாங்கி வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துச் சுட்ட பாண் போல வைத்து, அதைத் துண்டு போட்டு விற்கிறது. ஒரு துண்டை வாங்கினாலும் எல்லாக் கட்டடத்திலும் ஒரு துகள் நமக்கு வரும். வாடகை வருகிறது. திருத்த வேலை, வங்கி வட்டி, எங்களுடைய துப்புரவுச் செலவு எல்லாம் அதில் போகும். மிச்சத்தில் பெரும்பகுதியைப் பங்குக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் அந்த ஏற்பாட்டின் விதி. பங்கின் விலை மட்டும் வாடகையைப் பார்த்து நடக்காது, அது தன்பாட்டில் நாளுக்கு நாள் ஏறும் இறங்கும். வட்டி ஏறினால் இறங்கும். ஆகவே ஐந்தாறு வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத காசைத்தான் போடலாம்.

பிறகு அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கங்களைத் தட்டினார். "முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதே. பின்பக்கத்துப் பட்டியலை வாசி," என்றார். என்னென்ன கட்டடம், யார் வாடகைக்கு இருக்கிறார்கள், எத்தனை வருடத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், வங்கிக் கடன் எவ்வளவு, எல்லாம் அதில்தான் இருக்கிறதாம்.

நான் தலையாட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. அத்தனை வருடத்தில் நான் தெரிய விட்டதில்லை.

தவமணிக்கு நான்தான் எடுத்துச் சொன்னேன். அவள் புருஷன் செத்த பிறகு மகன் வீட்டில் இருந்தாள். துணி காயப் போடுகிற கம்பிக்கும் பேரனுடைய விளையாட்டுச் சாமானுக்கும் நடுவில் அவளுடைய கட்டில். மருமகள் கெட்டவள் இல்லை, ஆனால் வீடு சிறிது. இஷொயிலேயே ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு வாங்க வேண்டும் என்பது தவமணியின் ஒரே எண்ணம். ஒரு அறை படுக்க, ஒரு அறை சாமிப்படம் வைக்க. அதற்காகச் சேர்த்து வைத்திருந்தாள், இன்னும் போதாது. ஐந்தாறு வருடம் பொறுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "பதினொரு வருஷம் அந்தக் கம்பிக்குக் கீழை படுத்திட்டன், இன்னும் அஞ்சு படுக்கமாட்டனே அக்கா," என்றாள்.

என் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. அந்தப் பங்கை வாங்க இரண்டு பேருமாக வங்கிக்குப் போனோம். அங்கே இருந்த பெண் நிறையக் கேள்வி கேட்டாள், நிறையக் கையெழுத்து வாங்கினாள். எல்லாம் முடிந்து எழும்பப் போகும்போது தவமணி என் காதுக்குள், "உறுதி எப்ப தருவினமாம், கேளுங்கோ," என்றாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்கினாலும் பெயர் எழுதிய உறுதி கைக்கு வரும். எனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டேன். அந்தப் பெண் கணினியைத் திருப்பித் திரையில் எங்கள் பெயரைக் காட்டினாள்.

"உதை எப்பிடி அக்கா பெட்டியிலை வைச்சுப் பூட்டுறது?"

அடுத்த நாள் மூன்றாம் மாடியில் நான் குனிந்து மூலை துடைக்கிறேன், பின்னால் நின்று அவள் சொல்கிறாள்: "வடிவாத் துடையுங்கோ, பங்குக்காரர் பாக்கினம்."

"எந்தப் பங்குக்காரர்?"

"நாங்கள்தான்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வாளியைத் தட்டி ஊற்றிவிட்டோம். கிர்ஸ்டன் வந்து பார்த்துவிட்டுத் துடைக்கிற தடியை எடுத்தார்.

வருடத்தில் இரண்டு முறை பங்குக் காசு வந்தது. பெரிய காசு இல்லை. தவமணி அதை எடுக்காமல் திரும்பத் திரும்ப அதிலேயே போட்டாள். பிறகு நான் ஓய்வு எடுத்தேன். தோள் விட்டுவிட்டது. இரண்டு வருடம் கழித்து அவளும் விட்டாள். அதற்குள் இஷொயில் இரண்டு அறை வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தாள்.

அப்போதுதான் எல்லா இடத்திலும் வட்டி ஏறியது. பங்கு விலை விழத் தொடங்கியது. வாங்கிய விலைக்கு வந்தது, அதற்கும் கீழே போனது. தவமணி நாளுக்கு ஒரு தடவை ஃபோன் எடுத்தாள். ஒரு நாள் அழுதாள்.

"விக்கிறதோ, வைச்சிருக்கிறதோ? நீங்கள் சொல்லுறதைத்தான் செய்வன் அக்கா."

கிர்ஸ்டன் சொன்ன பின்பக்கத்துப் பட்டியல் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் புத்தகம் ஒவ்வொரு வருடமும் எனக்கு வரும்படி வங்கிப் பெண் செய்திருந்தாள். மூன்று புத்தகம் அலுமாரிக்குள் இருந்தது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, இதை எனக்கு வாசித்துச் சொல் என்று சொன்னால் பத்து நிமிட வேலை. சொன்னால், அம்மா உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்களுக்குள் டேனிஷில் கதைப்பார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரில் காணி வாங்கப் போகிற எங்கள் ஆள் தரகர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான். நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பான். உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர் என்றால் திரும்பி வந்துவிடுவான். எனக்கும் அந்தப் புத்திதான் வந்தது. நான் நேரே போய்ப் பார்க்கிறேன் என்று தவமணியிடம் சொன்னேன்.

அடுத்த நாள் காலை பழைய ரயிலில் பழைய கட்டடத்துக்குப் போனேன். வாசலில் வேலை செய்துகொண்டிருந்தவள் ஒரு ருமேனியப் பிள்ளை. நான் இங்கே வேலை செய்தவள் என்று சொன்னேன். கிர்ஸ்டனுடைய பெயரைச் சொன்னதும் சிரித்து, தன் விரலைக் கதவுச் சட்டத்தில் ஓட்டிக் காட்டி என்னை உள்ளே விட்டாள்.

லிஃப்டுக்குள் ஏறினேன். நிலம் முழுக்க வெள்ளைத் தூள். சப்பாத்து அடையாளம் மேலும் மேலும் பதிந்து கிடந்தது. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். மாவு போல இருந்தது. என் காலத்தில் இந்த லிஃப்டில் ஒரு தலைமயிர் கிடக்காது. இவ்வளவு கவனிப்பில்லாமல் விட்டுவிட்டார்களே என்று நெஞ்சு எரிந்தது. மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினேன், கதவு திறக்கவில்லை. நாலாம் மாடியும் அப்படியே.

நிலவறைக்குப் போனேன். சாமான் அறைக் கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தேன். அதே இடத்தில் தாள். புதுத் தாள், ஆனால் அதே வரி, அதே பெட்டி. மூன்றாம் வரி, நாலாம் வரி, ஐந்தாம் வரி மூன்றையும் சிவப்புப் பேனாவால் குறுக்கே வெட்டியிருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஒரு பெட்டி மிச்சமில்லை.

நான் அந்தக் கதவைப் பிடித்தபடி நின்றேன். துடைக்க ஆள் வேண்டாம் என்றால் இருக்க ஆள் இல்லை. ஆறு மாடியில் மூன்று காலி. வாடகை இல்லை. படத்தைப் பார்க்காதே என்று கிர்ஸ்டன் சொன்னார், நான் படத்தைப் பார்க்கவில்லை, கட்டடத்தின் உள்வயிற்றையே பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். வங்கிப் பெண்ணுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் நோவைக்கூட மறந்து படி ஏறி வந்தேன்.

ரயில் நிலையத்தில் நின்றே ஃபோன் எடுத்தேன்.

"வித்துப்போடு."

"வடிவாத் தெரியுமோ அக்கா?"

"என்ரை கண்ணாலை பாத்திட்டு நிக்கிறன். முழுக்க வித்துப்போடு."

அவள் அன்றைக்கே விற்றாள். நானும் விற்றேன். போட்டதில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகு விலை இன்னும் சில மாதம் விழுந்தது. தவமணி ஃபோனில் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னாள், மடப்பள்ளியில் எல்லாருக்கும் சொன்னாள். என்னைக் கோயிலில் கண்டால் இருக்கக் கதிரை போட்டார்கள். நானும் அதில் போய் இருந்தேன்.

போன வருடம் இஷொய்க் கடைத்தொகுதியில் கிர்ஸ்டனைக் கண்டேன். கைத்தடியோடு நடக்கிறார். இரண்டு பேருமாகக் கோப்பி குடித்தோம். கதையோடு கதையாக, அந்தப் பங்கை இன்னும் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். விற்றுவிட்டேன் என்றேன். ஏன் என்றார். மூன்று மாடி காலி, தாளில் வெட்டியிருந்தது, நானே கண்டேன் என்று கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த மாடிகளில் அப்போது சுவர் இடித்துத் திருத்த வேலை நடந்ததாம். ஒரு அரசாங்கக் கந்தோர் நீண்ட காலத்துக்கு எடுத்திருந்ததாம். கட்டட வேலை நடக்கும்போது துப்புரவு நிற்கும்தானே, உனக்கு அது தெரியுமே என்றார்.

எனக்குத் தெரியும். என் காலத்திலேயே இரண்டாம் மாடியில் சுவர் இடித்தபோது அந்த வரியை வெட்டிவிட்டு எங்களை வேறு மாடிக்கு அனுப்பினார்கள். லிஃப்டுக்குள் கிடந்த வெள்ளைத் தூள் சுவர்ப் பூச்சுத் தூள். இருபத்திரண்டு வருடம் தூசி துடைத்தவள் நான். கந்தோர்த் தூசி சாம்பல் நிறம், துணியில் உருளும். இது மாவு போல ஒட்டியது. விரலால் தொட்டுப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. முடிவை முதலிலேயே எடுத்துக்கொண்டு போனவளுக்கு எப்படிப் பிடிபடும்.

கிர்ஸ்டன் அதோடு நிற்கவில்லை. அந்தக் கட்டடம் முழுக்கக் காலியாகப் போயிருந்தாலும்தான் என்ன என்றார். பல ஊர்களில் எத்தனையோ கட்டடத்தில் அது ஒன்று. பாண் துண்டை உனக்குக் காட்டினேனே என்றார். விலை மெல்ல மெல்ல ஏறி, நாங்கள் வாங்கிய விலையையும் தாண்டிவிட்டதாம். இடையில் பங்குக் காசு ஒரு தடவையும் நிற்கவில்லையாம்.

"பின்பக்கத்துப் பட்டியலைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

"பார்த்தேன்," என்றேன்.

இந்த வயதிலும் அந்தப் பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. கோப்பிக்கு நானே காசு கொடுத்தேன்.

தவமணிக்குக் காத்திருப்புப் பட்டியலில் முறை வந்தபோது கையில் காசு போதவில்லை. வேறு ஆளுக்கு அந்த வீடு போனது. விற்காமல் வைத்திருந்தால் போதியிருக்கும். அவள் இப்போதும் அந்தக் கம்பிக்குக் கீழேதான் படுக்கிறாள். பேரன் வளர்ந்துவிட்டான், விளையாட்டுச் சாமான் இல்லை, அந்த இடத்தில் அவனுடைய சைக்கிள் நிற்கிறது. "மிச்சமாவது தப்பினது அக்காவாலை," என்று சொல்லிக்கொண்டு, பெயரைத் திரும்பப் பட்டியலின் அடியில் கொடுத்திருக்கிறாள்.

என்னிடம் கேட்டு வருகிற பிள்ளைகளே, உங்களுக்கு நான் எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன். கட்டடப் பங்கு கெட்டது என்றும் சொல்ல மாட்டேன், எங்களுக்கு அது ஒழுங்காகத்தான் காசு தந்தது. உங்களுக்கு வாசிக்கத் தெரியும். பின்பக்கத்தை வாசியுங்கள். வாசித்து விளங்காவிட்டால் விளங்குகிற ஆளைக் கேளுங்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்வது எனக்கு லேசு. நான் கேட்காமல் ஒரு காலத்தை ஓட்டினவள். என் கையில் இப்போது ஒரு பங்கும் இல்லை. என்னுடைய காசு போனதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, எனக்கு இருக்க வீடு இருக்கிறது. எனக்குக் களைப்பாக இருப்பது கோயிலில் போடுகிற அந்தக் கதிரையில் போய் இருக்கிறபோதுதான்.

இதை எழுதித் தருகிறவள் என் மூத்த மகளின் மகள் ஆரணி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தவள். இந்த இடத்தில் அவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: "அம்மம்மா, இதைத் தவம் அம்மம்மாவுக்கு நீங்களே நேரை சொல்லலாம்தானே?"

மூன்று தரம் சொல்லப் போனேன். மூன்று தரமும் அவள் போட்டுத் தந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். நாளைக்கு அவளை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்ட பிறகுதான் இது சங்கத்துக்குப் போகும்.

இப்ப எனக்குத் திருப்பி வாசி பிள்ளை. முதல் வரியிலை இருந்து வாசி. இடையிலை நான் கை காட்டினாலும் நிப்பாட்டாதை. நாளைக்கு அவளுக்கும் அப்பிடித்தான் வாசிக்க வேணும்.